கைக்குழந்தையின் பகல் தூக்கமும் இரவுத் தூக்கமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றித் தமிழ்நாட்டு வீடுகளில் இளம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் மருத்துவர் அல்லள். இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்துத் தூங்க வைத்து இவற்றைக் கற்றுக்கொண்ட தாய். மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை எது, என் அனுபவத்தில் எழுந்த கருத்து எது என்பதை அந்தந்த இடத்தில் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

என் குழந்தைக்கு ஆறு வாரம் ஆகிறது. இப்போதே தூக்க அட்டவணை போடலாமா?

வேண்டாம், போட்டாலும் நிற்காது. பகல் எது, இரவு எது என்று உணர்த்தும் உடற்கடிகாரம் பிறக்கும்போதே இயங்கத் தொடங்குவதில்லை. இருட்டியதும் சுரந்து தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஓர் ஒழுங்குக்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கிறது. அதுவரை குழந்தையை எழுப்புவதும் உறங்க வைப்பதும் பசியும் வயிற்று நிறைவுமே ஆகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பால் குடித்துவிட்டு மீண்டும் உறங்குவதுதான் இந்த வயதின் இயல்பு.

இந்த வாரங்களில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் சன்னலைத் திறந்து வெளிச்சம் படும்படி குழந்தையை வைத்திருங்கள். பகலில் வீட்டின் வழக்கமான சத்தத்தை அடக்காதீர்கள். இரவில் பால் கொடுக்கும்போது சிறிய மஞ்சள் விளக்கு மட்டும் எரியட்டும், பேச்சும் கொஞ்சலும் குறையட்டும். தாய்ப்பாலிலும் இரவில் மெலடோனின் இருக்கிறது, பகற்பாலில் அது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆகவே பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைப்பவர்கள், எது பகலில் எடுத்தது, எது இரவில் எடுத்தது என்று எழுதி வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்திலேயே கொடுப்பது நல்லது.

ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, முதல் மூன்று மாதங்களில் 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும் தேவை. இந்த எண்களின் இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கவனியுங்கள். எட்டு மாதக் குழந்தை ஒன்று பன்னிரண்டரை மணி நேரம் தூங்கிவிட்டு நாள் முழுவதும் சிரித்து விளையாடுகிறது என்றால், பக்கத்து வீட்டுக் குழந்தை பதினைந்து மணி நேரம் தூங்குவதை நினைத்து அதன் தாய் கலங்க வேண்டியதில்லை.

பகலில் எத்தனை முறை தூங்க வைப்பது? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?

முறையை எண்ணுவதைவிட, ஒரு தூக்கம் முடிந்து அடுத்த தூக்கம் வரை குழந்தையால் எவ்வளவு நேரம் களைப்பின்றி விழித்திருக்க முடிகிறது என்று பார்ப்பது எளிது. பச்சிளங்குழந்தைக்கு அது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்தான். குளிப்பாட்டிப் பால் கொடுப்பதற்குள் அந்நேரம் தீர்ந்துவிடும். மூன்று மாதத்தில் ஒன்றரை மணி நேரம், ஆறு மாதத்தில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், ஒன்பது மாதத்தில் மூன்று மணி நேரத்தை ஒட்டி, ஒரு வயதில் மூன்றரை, நான்கு மணி நேரம் என்று அது வளர்கிறது. இவை மருத்துவ அமைப்பு எதுவும் வகுத்த அளவுகள் அல்ல, குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பலர் கண்ட தோராயக் கணக்கு. எனவே அரை மணி முன்னே பின்னே போவதில் தவறில்லை.

இந்தக் கணக்கின்படி மூன்று மாதக் குழந்தை பகலில் நான்கைந்து முறையும், ஆறு ஏழு மாதத்தில் மூன்று முறையும், ஒன்பது மாதத்துக்குப் பின் இரண்டு முறையும், ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் ஒரே முறையும் தூங்கும். கைக்குழந்தையைப் பகலில் தூங்க விடாமல் வைத்திருந்தால் இரவில் அசந்து தூங்கும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. என் மூத்த பிள்ளையிடம் அதைச் சோதித்துப் பார்த்துப் பட்ட பாடு போதும். களைப்பு எல்லை மீறிய குழந்தை அடங்காமல் அழுது, தூங்கியும் அடிக்கடி விழித்துக்கொள்ளும். அதே சமயம், மாலை ஐந்தரை மணிக்கு மேல் நீளும் பகல் தூக்கம் இரவைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை அந்நேரத்தில் மெதுவாக எழுப்பிவிடலாம்.

தூக்கம் வருகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

கண்ணைக் கசக்குவதும் கொட்டாவி விடுவதும் எல்லாருக்கும் தெரிந்த அறிகுறிகள். அவற்றுக்கும் முன்பே, பார்வை ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். சற்று முன் வரை பிடித்திருந்த கிலுகிலுப்பையிலிருந்து முகம் திரும்பும். புருவத்தைச் சுற்றி இலேசாகச் சிவக்கும். காதைப் பிடித்து இழுக்கும். அதுதான் சரியான நேரம். முதுகை வில்லாக வளைத்து வீறிடுவது தாமதமாகிவிட்டதன் அடையாளம்.

ஏழு மாதக் குழந்தையின் ஒரு நாள் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி சொல்ல முடியுமா?

காலை 6:30 மணிக்கு விழிக்கும் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். எழுந்ததும் பால், எட்டு மணிக்குக் கூழோ மசித்த இட்லியோ, பிறகு எண்ணெய் தேய்த்துக் குளியல். ஒன்பது மணிக்கு முதல் தூக்கம். குளியலுக்குப் பிறகு வருவதால் இது பெரும்பாலும் நன்றாகவே அமையும், பத்தே கால் வரை நீளும். இரண்டாம் தூக்கம் மதியம் 12:45 மணியிலிருந்து 2:15 வரை. வீட்டில் வெயிலும் அமைதியும் சேர்ந்திருக்கும் வேளை என்பதால் இதுவே நாளின் நீண்ட தூக்கமாக இருக்கட்டும். மூன்றாவது, மாலை 4:30 மணிக்கு அரை மணி நேரம் மட்டும். தோளிலோ தள்ளுவண்டியிலோ கண்காணிப்பில் தூங்கினாலும் சரி. இரவு எட்டு மணிக்குப் படுக்கை.

இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம். முதல் விழிப்பு எத்தனை மணிக்கோ அங்கிருந்துதான் அன்றைய நாள் தொடங்குகிறது. ஏழரைக்கு விழிக்கும் குழந்தைக்கு எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நீங்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: காலையில் எழும் நேரம் நாளுக்கு நாள் அரை மணிக்கு மேல் மாறாமலிருப்பதும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்களின் வரிசை கலையாமலிருப்பதும். குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. குளியலுக்குப் பின் பால், பாலுக்குப் பின் பாட்டு, பாட்டுக்குப் பின் தூக்கம் என்ற வரிசை தெரியும்.

இரவு ஏழு மணிக்கே தூங்க வைக்க வேண்டும் என்று கைபேசிச் செயலிகள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் என் கணவர் வருவதே ஒன்பது மணிக்கு. என்ன செய்வது?

ஏழு மணி என்பது சில நாடுகளின் குடும்ப வழக்கம், மருத்துவ விதி அன்று. ஜோடி மிண்டெல் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 17 நாடுகளில் 29,287 குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் இந்தியாவும் இருந்தது. பிறந்தது முதல் மூன்று வயது வரையான குழந்தைகள் இரவில் படுக்கும் சராசரி நேரம் நியூசிலாந்தில் ஏறத்தாழ ஏழரை மணி, ஹாங்காங்கில் பத்தே கால் மணி. ஆசிய நாடுகளின் குழந்தைகள் பொதுவாகத் தாமதமாகவே படுத்தார்கள், பெற்றோரின் அறையிலோ படுக்கையிலோதான் பெரும்பாலும் உறங்கினார்கள். அவர்களின் மொத்தத் தூக்கமும் சற்றுக் குறைவாகவே இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நாம் புறக்கணிக்கக் கூடாது. பத்தரை மணிக்குப் படுத்த குழந்தையை, குக்கர் விசிலும் தொலைக்காட்சியும் தெருவில் காய்கறிக்காரரின் ஒலிபெருக்கியும் ஆறரை மணிக்கு எழுப்பிவிட்டால், இழந்த தூக்கம் இழந்ததுதான்.

ஆகவே நான் சொல்வது நடுவழி. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் ஒரு நேரத்தைத் தேர்ந்து அதில் நில்லுங்கள். தந்தை ஒன்பது மணிக்குத்தான் வருகிறார் என்றால், அவருக்கும் பிள்ளைக்குமான நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். காலைக் குளியலையும் முதல் பால் முடிந்து ஏப்பம் விட வைப்பதையும் அவர் ஏற்கட்டும். களைத்துக் கண்செருகும் குழந்தையை அப்பா வரட்டும் என்று ஒரு மணி நேரம் ஆட்டி விழிக்க வைப்பதில் அப்பாவுக்குக் கிடைப்பது அழுகை மட்டுமே. நமக்கு ஒரு வசதியும் உண்டு. குளிர்நாடுகளில் கோடைகாலத்து இரவு ஒன்பது மணி வரை வெயில் அடிக்கும், அங்குள்ளோர் கறுப்புத் திரை வாங்கி மாட்டுகிறார்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. விளக்கு வைத்த பிறகு கூடத்துக் குழல்விளக்கை அணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படுக்கைக்கு முந்தைய வழக்கம் எப்படி இருக்க வேண்டும்?

அரை மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். கடைசிப் பகுதி தூங்கும் அறையிலேயே நடக்க வேண்டும். வெந்நீரில் உடம்பைத் துடைத்து, பருத்திச் சட்டை மாட்டி, பால் கொடுத்து, விளக்கை மங்க வைத்து, ஒரு தாலாட்டு. தாலாட்டை நம் பாட்டிமார் வெறும் பாட்டாக வைத்திருக்கவில்லை. ஒரே மெட்டு, ஒரே வேகம், மாமனும் அத்தையும் வரிசையாக வந்து போகும் அடிகள், இடையிடையே நீளும் ராராரோ என எல்லாமே திரும்பத் திரும்ப வருவதற்கென்றே அமைந்தவை. குழந்தைக்குத் தேவையும் அந்தத் திரும்ப வருதலே. குரல் நன்றாக இல்லையே என்று தயங்காதீர்கள். கைபேசியில் பாட்டை ஓட விட்டுத் திரையைக் குழந்தை கண்முன் காட்டுவது மட்டும் வேண்டாம். அந்த வெளிச்சம் தூக்கத்தை விரட்டும், பாட்டு நின்றதும் விழிப்பும் வரும்.

சாம்பிராணிப் புகை போடும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: குழந்தையின் சிறிய மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகையும் நல்லதன்று. தலை ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே உலர்ந்துவிடும்.

தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குகிறான். இறக்கினால் விழித்துவிடுகிறான். தூளியை நிறுத்த வேண்டுமா?

தூளியைப் பழிக்க எனக்கு மனம் வராது. உத்தரத்தில் கட்டிய பழைய நூல் புடவைக்குள் நானும் வளர்ந்தேன், என் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். ஆனாலும் இன்று தெரிந்திருக்கும் மருத்துவத்தை அறிந்தபின் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, முகவாய் மார்பில் பதிகிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு இதனால் மூச்சுப்பாதை மடங்கக்கூடும். துணியின் இருபுறமும் முகத்தருகே சேர்ந்து காற்றையும் அடைக்கக்கூடும். குழந்தைகள் உறங்குமிடம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. தூளி இந்த வரையறைக்குள் அடங்காது.

எனவே, இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். பகலில் பயன்படுத்துவதானால், ஒருவர் அருகிலேயே இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துணியை விரித்துப் பிடிக்கும் தொட்டில் கம்பு இருக்க வேண்டும். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். கண்ணயர்ந்ததும் தரையிலுள்ள பாயில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். குழந்தை குப்புற விழப் பழகிய நாளோடு தூளியை அவிழ்த்துவிடுங்கள். புரண்டு எழ முயலும் குழந்தை துணியில் சிக்கிக்கொள்ளும், அல்லது தலைகீழாக விழும்.

மாற்றுவது எப்படி என்பதே உங்கள் உண்மையான கேள்வி. ஒரே நாளில் நிறுத்தினால் இருவருக்கும் கண்ணீர்தான். முதல் சில நாட்கள் வழக்கம்போல் ஆட்டி, முழுத் தூக்கம் வருவதற்குச் சற்று முன்பே ஆட்டத்தைக் குறைத்து நிறுத்துங்கள். அடுத்த சில நாட்களில் அரைத்தூக்கத்திலேயே பாயில் கிடத்தி, ஆட்டத்துக்குப் பதிலாக அதே தாளத்தில் நெஞ்சிலோ தொடையிலோ தட்டிக் கொடுங்கள். முதலில் கால்களும் இடுப்பும், பிறகு முதுகு, கடைசியாகத் தலை பாயில் படும்படி இறக்கினால் திடுக்கிடுவது குறையும். காலையில் வரும் முதல் தூக்கத்தில் இதைத் தொடங்குங்கள். அப்போதுதான் குழந்தைக்கும் உங்களுக்கும் பொறுமை மிச்சமிருக்கும்.

அரை மணி நேரத்திலேயே எழுந்துவிடுகிறாள். ஏன்?

பெரியவர்களின் தூக்கச் சுழற்சி ஒன்றரை மணி நேரம் என்றால் கைக்குழந்தைக்கு அது ஐம்பது நிமிடத்தை ஒட்டியது. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் பாதி, கண்கள் இமைக்குள் அசையும் இலேசான தூக்கம். நம் பாட்டிமார் சாமி பூக்காட்டுகிறது என்று சொல்லிச் சிரிப்பது இந்நேரத்தில் முகத்தில் தோன்றும் புன்னகையைத்தான். ஒரு சுழற்சியின் முடிவில் எல்லாக் குழந்தைகளுமே சற்று அசைந்து முனகும். சில மீண்டும் ஆழ்ந்துவிடும், சில கண்ணைத் திறந்துவிடும். அந்த முதல் முனகலிலேயே ஓடிப்போய்த் தூக்காமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பாதிக்குப் பாதி நேரம் தானே அடங்கிவிடும். ஐந்தாறு மாதம் வரை குறுந்தூக்கம் சாதாரணம். அதற்காகக் குழந்தையையோ உங்களையோ நொந்துகொள்ளாதீர்கள்.

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நான்காம் மாதத்தில் திடீரென்று மணிக்கு ஒருமுறை விழிக்கிறதே?

தூக்கத்தின் கட்டமைப்பு பெரியவர்களுடையதைப் போல மாறத் தொடங்கும் காலம் அது. இலேசான தூக்கமும் ஆழ்ந்த தூக்கமும் பிரிந்து படிநிலைகளாகும்போது, படிகளுக்கு இடையே விழிப்புகள் தெரியத் தொடங்குகின்றன. குப்புற விழுவது, குரலை உயர்த்தி விளையாடுவது என்று புதிய திறன்களும் அதே வாரங்களில் வருகின்றன. எட்டு, ஒன்பது மாதத்தில் தவழும்போதும், தாயைப் பிரிய அஞ்சும்போதும் மீண்டும் ஒரு குழப்பம் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்; அதுவரை வரிசையை மாற்றாமல், படுக்கும் நேரத்தை மட்டும் அரை மணி முன்னுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எங்கே, எப்படிப் படுக்க வைப்பது பாதுகாப்பானது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஒரு வயது வரை, பகலானாலும் இரவானாலும், குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் இந்த ஒரு செய்தியைப் பெற்றோரிடம் கொண்டுசேர்க்கும் இயக்கங்கள் தொடங்கியபின், தூக்கத்தில் காரணமின்றி நிகழும் திடீர்ச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. தானாகவே இருபுறமும் புரளக் கற்ற குழந்தை தூக்கத்தில் புரண்டுவிட்டால் அப்படியே விடலாம். நாம் கிடத்துவது மல்லாக்கவே இருக்கட்டும்.

மெத்தை அழுந்தாத உறுதியுடன் இருக்க வேண்டும். கோரைப்பாயின் மேல் இறுக்கமாக விரித்த ஒரு பருத்தித் துணி அதற்கு நன்றாகவே பொருந்தும். இலவம்பஞ்சு மெத்தை, பக்கத் தலையணைகள், பஞ்சு பொம்மை, போர்வை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் அடக்கம். தலையின் வடிவத்துக்கு வழி, விழித்திருக்கும்போது நம் கண்முன் குப்புறப் படுக்க விடுவதே. கழுத்திலுள்ள கயிறு, சங்கிலி, மணிகள் ஆகியவற்றைத் தூங்க வைக்குமுன் கழற்றிவிடுங்கள். இரும்புச் சட்டம் கொண்ட குடைக் கொசுவலையின் விளிம்பு குழந்தையின் கைக்கு எட்டாத அகலத்தில் இருக்கட்டும்.

குறைந்தது ஆறு மாதம் வரை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்பது அமெரிக்கக் கழகத்தின் பரிந்துரை. நம் வீடுகளில் தாயும் சேயும் ஒரே பாயில் படுப்பதுதான் நடைமுறை என்பதை நான் அறிவேன். தாயின் பாயை ஒட்டி, கையெட்டும் தொலைவில், குழந்தைக்கென்று தனிப் பாய் விரிப்பது செலவில்லாத தீர்வு. ஒரே படுக்கையில் படுப்பது குறிப்பாக ஆபத்தாகும் நிலைகளும் உண்டு: நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை, அருகில் படுப்பவர் புகைப்பவராகவோ மது அருந்தியவராகவோ மயக்கம் தரும் மருந்து உட்கொண்டவராகவோ இருத்தல். சோபாவில் சாய்ந்தபடி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசமானது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இடுக்கில் குழந்தை சிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜாதிக்காய் உரசிக் கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

தூங்கும், அதுதான் அச்சம். ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் என்னும் பொருள் மூளையின் மேல் வேலை செய்கிறது. கல்லில் எத்தனை சுற்று உரசினால் எவ்வளவு இறங்குகிறது என்பதை யாராலும் அளக்க முடியாது. ஐந்து கிலோ எடையுள்ள உடலுக்குள் அளவறியாத மயக்கப் பொருளைச் செலுத்த வேண்டாம். அம்மாவும் மாமியாரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். எனவே எதிர்த்துப் பேசாமல், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துச் சென்று மருத்துவரிடமே கேட்கச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் பலித்த வழி இதுதான். நாக்கில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது. அதன் வழியே செல்லக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும். வயிறு நிறைந்தால் தூங்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே கேழ்வரகுக் கூழ் ஊட்டுவதும் வேண்டாம். அதுவரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

பால் குடித்துக்கொண்டேதான் தூங்குகிறது. இது கெட்ட பழக்கமா? இரவுப் பாலை எப்போது நிறுத்துவது?

முதல் மாதங்களில் இதைப் பழக்கம் என்றே சொல்லக் கூடாது, இயற்கை. ஆறு மாதத்துக்குப் பிறகும் இரவில் ஒருமுறை, இருமுறை பசித்து விழிக்கும் குழந்தைகள் உண்டு. ஆனால் மணிக்கு ஒருமுறை விழித்து, இரண்டு மிடறு குடித்ததும் உறங்கிவிட்டால், அது பசியன்று. முதலில் எப்படித் தூங்கியதோ அதே நிலையைத் தேடுகிறது. அப்போது பாலைப் படுக்கைக்கு முந்தைய வரிசையில் ஒரு படி முன்னே நகர்த்துங்கள்: பால், பிறகு ஈறு துடைத்தல், பிறகு பாட்டு. இரவுப் பாலைக் குறைப்பதை எடை சரியாக ஏறுகிறதா என்று மருத்துவர் பார்த்தபின் தொடங்குங்கள். புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விட்டால் முன்பற்கள் சொத்தையாகும்.

அழ விட்டுத் தூங்கப் பழக்கலாமா?

கதவைச் சாத்திவிட்டு விடியும்வரை அழ விடச் சொல்ல என் மனம் ஒப்பாது; பல குடும்பங்கள் ஒன்றாக வாழும் அடுக்குமாடியில் அது நடக்கவும் நடக்காது. எனினும் சிறிது அழுகையே குழந்தையின் மனத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 6 முதல் 16 மாதம் வரையான 43 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் தேற்றும் முறையும், படுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும் முறையும் பின்பற்றப்பட்டன. ஓராண்டுக்குப் பிறகு, இம்முறைகளைப் பின்பற்றாத குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, தாய்ப்பற்றிலோ நடத்தையிலோ வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பயனுள்ளது.

அவற்றில் இரண்டாவது முறை நம் வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். எட்டு மணிக்குப் படுக்க வைத்தும் குழந்தை ஒன்பதரைக்குத்தான் உறங்குகிறது என்றால், சில நாட்களுக்கு ஒன்பதரைக்கே படுக்க வையுங்கள். படுத்ததும் தூங்குவது பழகியபின், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் முன்னுக்கு நகர்த்துங்கள். அழுகை குறைவு, கூட இருப்பவர்களின் மனவருத்தமும் குறைவு. ஆறு மாதத்துக்கு முன் எந்த முறையும் வேண்டாம்.

கோடை இரவில் மின்சாரம் போனால் எல்லாம் குலைந்துவிடுகிறதே?

பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் வெப்பம் அதிகம். ஒற்றை மெல்லிய சட்டை போதும், தொப்பியும் காலுறையும் வேண்டாம். மின்விசிறிக் காற்று குழந்தைக்கு ஆகாது என்பது உண்மையன்று. மின்சாரம் போனால் பனையோலை விசிறி, ஈரத்துணியால் உடம்பு துடைப்பு, கூடுதலாக ஒருமுறை தாய்ப்பால். அன்று இரவு தூங்காததை மறுநாள் முதல் பகல் தூக்கத்தை அரை மணி முன்னதாக வைத்து ஈடுகட்டலாம். கொசுவர்த்திச் சுருளைக் குழந்தை உறங்கும் அறையில் கொளுத்தாதீர்கள். வலைதான் சிறந்தது.

நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகல் தூக்கத்தை அம்மாவிடமோ காப்பகத்திலோ எப்படிப் பழக்குவது?

2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் எடுத்தவர்கள், குழந்தை மூன்று தூக்கத்துக்கு மாறத் தொடங்கும் ஐந்தாம் மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். மூன்று வாரம் முன்பிருந்தே பகலின் ஏதேனும் ஒரு தூக்கத்தை, பார்த்துக்கொள்ளப் போகிறவரே வைக்கட்டும். நீங்கள் வீட்டில் இருந்தாலும் வேறு அறையில் இருங்கள். உங்கள் முறையிலேயே பாட்டியும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. அம்மாவிடம் பாலோடு தூங்கும் குழந்தை பாட்டியிடம் தட்டினால் தூங்கும். ஆளுக்கேற்ற வழக்கத்தைக் குழந்தை எளிதில் பிரித்தறிகிறது. மல்லாக்கப் படுக்க வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்த விதி, தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு எப்போது மாற்றுவது?

ஒரு வயதில் பல குழந்தைகள் சில நாட்கள் இரண்டாம் தூக்கத்தை மறுக்கும். அதை நம்பி அவசரப்பட்டால் மாலையில் சிணுங்கலே மிஞ்சும். இரண்டு வாரம் தொடர்ந்து மறுத்தால் மட்டும், காலைத் தூக்கத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிறுத்துங்கள். மாற்றம் முடியும் வரை இரவுப் படுக்கை சற்று முன்னதாக இருக்கட்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இதே கணக்கா?

பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இப்போது ஆறு மாதம் ஆகும் குழந்தைக்கு, தூக்கத்தைப் பொறுத்தவரை, நான்கு மாதம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், அல்லது எந்த வயதிலும் எழுப்பியும் எழாமல், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலம் பாரித்தால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுவது, எடை ஏறாதிருப்பது, படுக்க வைத்ததும் வலியால் நெளிந்து வாந்தி எடுப்பது ஆகியவற்றை ஓரிரு நாளில் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை இரவெல்லாம் கால்களை உதறி அமைதியின்றித் தூங்கினால், இரும்புச்சத்துக் குறைவா என்று கேளுங்கள். ஆறாம் மாதம் முதல் அரசு வழங்கும் இரும்புச்சத்து மருந்தை வாரம் இருமுறை கொடுக்கிறீர்களா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்க்காகவும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் உண்டு. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமின்றிக் கண்ணீர் பெருகுகிறது, பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது களைப்பு மட்டுமாக இராது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. வீட்டில் யாரிடமாவது இன்றே சொல்லி, குழந்தையின் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் போய்ப் பாருங்கள்.